சேவல் வரைந்த சுவர்

பெரு நாட்டு மலையூர் ஒன்றில் உருளைக்கிழங்கு பயிரிடும் எர்மெலிண்டா, தன் வேட்பாளரின் சேவல் சின்னத்துக்கு வீட்டுச் சுவரையே கொடுத்தவள். எதிராளிக்கு ஓட்டுக் கேட்ட தங்கை செபெரினாவோடு பேச்சையே முறித்துக்கொண்டவள்.

ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றில் சேவலுக்கு மூன்றாமிடம்; முதலிரண்டு பேருக்கு மட்டுமே இரண்டாம் சுற்று. உடனே அந்த மகானுபாவர், ஊரூராகத் திருடன் என்று திட்டிய எதிராளியையே மேடையில் கட்டிப்பிடித்து, "இவருக்கே போடுங்கள்" என்றார்.

இன்று இரண்டாம் சுற்றின் முடிவை வானொலி சொன்னது. மயிரிழையில் எதிராளிதான் ஜனாதிபதி. சேவல்காரர் மந்திரியாகப் போகிறாராம். எர்மெலிண்டா சேற்றை அள்ளிச் சுவரிலிருந்த சேவலின் மூஞ்சியில் அப்பினாள்.

சூப்புச் சட்டியோடு செபெரினா வந்தாள். "அவங்களே ஒண்ணாயிட்டாங்க, நமக்கு என்னக்கா?"

"அவரு சொன்னாருன்னு உன் ஆளுக்கே ஓட்டு குத்துனேன்டி," என்றாள் எர்மெலிண்டா. "இந்தச் சேவலுக்காக, அம்மாவைப் புதைச்ச அன்னிக்குக்கூட உன் மூஞ்சியப் பாக்கலையே!"