வேறு முயலின் இரத்தம்

யதுஷா அந்தப் படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தாள். வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கோடு ஒன்று தெளிவாக விழுந்திருந்தது.

உயிர்க்கலத்துக்குள் அக்டின் என்ற நுண்ணிழைகள் உண்டு. கலம் நகர்வது அவற்றால்தான். அந்த இழைகளை வெட்டும் புரதம் ஒன்று, பரவுகிற புற்றுநோய்க் கலங்களில் கூடுகிறது என்பது அவளுடைய கலாநிதிப் பட்ட ஆய்வு. முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரி, அதாவது அன்டிபொடி, அந்தப் புரதத்தில் போய் ஒட்டினால் படத்தில் கோடு விழும்.

இன்றைய கலங்களிலோ அந்தப் புரதமே கிடையாது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்காக, கூட ஆய்வு செய்யும் யசிந்தன் அதன் மரபணுவை நீக்கிக் கொடுத்திருந்தான்.

"அன்டிபொடிப் போத்தல் மாறிப்போச்சோ?" என்றான் அவன், பக்கத்து மேசையிலிருந்து.

"இல்லை. அதே கொம்பனி, அதே நம்பர். முயல்தான் வேறயாம். இப்பதான் போன் பண்ணிக் கேட்டனான். பழைய முயல் செத்து மூண்டு வருசமாம்."

முதற்போத்தலை மட்டும் சோதித்துவிட்டு, பிறகு வருவதை அப்படியே பாவிப்பது அந்த ஆய்வுகூடத்தின் வழக்கம். அவளும் அப்படித்தான் செய்தாள். புது முயலினது வேறெதிலோ போய் ஒட்டியிருக்கிறது. மூன்று வருடப் படங்களும், அவள், யசிந்தன் இருவர் பெயரிலும் வெளிவந்த கட்டுரையும் இந்தப் புது முயலை நம்பி நின்றன.

"உந்தப் படத்தை ஆர் உன்னட்டக் கேட்டது? அழிச்சுப்போட்டு தீசிஸைக் குடு. உன்ர அம்மா மோர்னிங்சைட் சனத்துக்கெல்லாம் உன்னை டொக்டர் எண்டு சொல்லித் திரியிறா."

"உனக்கு உன்ர பேர் கெட்டுப்போகுமெண்டு பயம்."

"ஓம், பயம்தான். அந்தப் பேப்பரை வச்சுத்தானடி என்னை வேலை இன்டர்வியூக்குக் கூப்பிட்டவங்கள்."

யதுஷா மின்னஞ்சலைத் திறந்தாள். போன மாதம் வன்கூவரிலிருந்து முகம் தெரியாத மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். கட்டுரையை வாசித்து, அதே பிறபொருளெதிரியை வாங்கித் தானும் ஆய்வைத் தொடங்கிவிட்டாளாம். வாழ்த்துச் சொல்லிப் பதில் போட்டவள் யதுஷா.

எழுந்துபோய், தன் ஆய்வை மேற்பார்வை செய்யும் பேராசிரியர் லெஸ்லியின் கதவைத் தட்டினாள்.

லெஸ்லி ஏசவில்லை. படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பட்டம் இந்த வருடம் இல்லை என்றார். கட்டுரையை மீளப் பெறுவதாக அதை வெளியிட்ட இதழுக்கு அவளையே எழுதச் சொன்னார். அவருக்கு முன்னால் இருந்தே அவள் எழுதி அனுப்பினாள்.

வெளியே வந்தபோது யசிந்தன் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அனுப்பிட்டியோ?"

"ஓம்."

அவன் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டான். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க அவன் ஆக்கித் தரும் கலங்கள்தான் வேண்டும். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.