ஃபேனுக்குக் கீழே ஒரு சைவ மேஜை

விபத்து அறிக்கையில் அடிபட்டவர், விதியை மீறியவர், விசாரித்த அதிகாரி என்று மூன்று கட்டத்திலும் ஒரே பெயர் வருவது அபூர்வம். கும்மிடிப்பூண்டியில் எங்கள் உருக்காலையில் அப்படி ஒரு அறிக்கை உண்டு. அந்தப் பெயர் என்னுடையது. நான் அங்கே சேஃப்டி ஆபீசர், போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று சொல்கிறேன், என் மானம் போனால் போகட்டும்.

1. போர்டு

நான் முட்டைகூடத் தொடாத சைவம். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வந்துபோவேன். எங்கள் கேன்டீனில் ஒழுங்காகக் காற்று வருகிற மேஜை ஒன்றே ஒன்று, பெரிய ஃபேனுக்கு நேர் கீழே. மேனேஜரை நச்சரித்து அனுமதி வாங்கி, அதில் 'சைவம் மட்டும்' என்று போர்டு மாட்டினேன். அங்கே உட்கார்ந்தது மொத்தம் நான்கு பேர். நான்கு பேருக்கும் வேலை ஏ.சி. ரூமில்.

யேசுதாஸ் ஃபர்னஸ் ஆபரேட்டர், புதுவாயல்காரர். ஒரு மே மாத மதியம் உலையை விட்டு வந்தவர், சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும்போல இருந்தார். நேராக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். மாட்டுக்கறி. நான் போர்டைக் காட்டி, அத்தனை பேர் முன்னாலும் எழுந்து போகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டப்பாவை மூடினார், குனிந்து என் காலைப் பார்த்தார்.

"சார், உங்க ரெண்டு காலும் மாட்டுத்தோலுக்குள்ளதான் கீது. டேபுளுக்குக் கீழ இருந்தா சைவம், மேல வந்தா தீட்டா?"

கேன்டீனே சிரித்தது. அவர் டப்பாவோடு எழுந்து வேறு மேஜைக்குப் போனார்.

2. ரெக்சின்

அசைவத்தில் போட்ட கரண்டியால் பரிமாறினால் கத்துகிற ஆள் நான். அத்தனை வருஷம் தோல் ஷூ, தோல் பெல்ட், தோல் கிளவுஸ் என்று திரிந்தபோது ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றும் யோசிக்கவில்லை, ரோஷம்தான் வந்தது. சாயங்காலமே, தோல் மாதிரி இருக்கிற ரெக்சின் ஷூ வாங்கிவிட்டேன். உலைப் பக்கம் தோல் ஷூ தவிர வேறெதுவும் கூடாது என்று விதி எழுதியவனே நான்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

நான்காவது நாள் ரவுண்ட்ஸ் போனேன். உருகிய இரும்பை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு தெறித்து என் வலது பாதத்தில் விழுந்தது. தோலாக இருந்தால் மேலே கருகியதோடு போயிருக்கும். ரெக்சின் உருகிக் காலோடு ஒட்டிக்கொண்டது. நான் போட்ட சத்தத்துக்கு ஓடிவந்து ஷூவைப் பிடுங்கி எறிந்தவர் யேசுதாஸ். அவர் கையில் இருந்தது தோல் கிளவுஸ்.

முதலுதவி அறையில், தோல் ஷூ எங்கே என்று கேட்டார். வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஷூவயா கயட்டச் சொன்னேன் சார்? போர்டத்தான சொன்னேன்."

3. ஐந்து ஏன்

எங்கள் அறிக்கையில் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்க வேண்டும். கட்டுப்போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினேன். கால் ஏன் வெந்தது? ரெக்சின் ஷூ. தோல் ஷூவை ஏன் விட்டேன்? யேசுதாஸ் கேட்டது சுருக்கென்று தைத்தது. அவர் ஏன் கேட்டார்? சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பினேன். ஏன் எழுப்பினேன்? போர்டு இருந்தது. போர்டு ஏன்? 'சைவத்துக்காக' என்று எழுதி, அடித்தேன். கடைசியில், 'ஃபேன் எனக்கு வேண்டியிருந்தது' என்று எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டு, 'கவனக்குறைவு' என்று மாற்றிக் கொடுங்கள், ஆடிட்டில் சிரிப்பார்கள் என்றார். நான் மாற்றவில்லை. போர்டு அன்றே இறங்கியது.

கால் ஆறி வேலைக்கு வந்த அன்று, ஃபேனுக்குக் கீழே யேசுதாஸ் எதிரில் போய் உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்டேன். அவருக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "சாப்டுங்க சார், ஆறிடப் போவுது" என்றார். என் டப்பாவில் இருந்தது தயிர்சாதம்.

இன்றும் நான் சைவம்தான். தோல் ஷூவோடுதான் ரிட்டயர் ஆனேன். இது என்ன நியாயம் என்று கேட்டால் இன்னமும் என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன் இன்னொருவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பக் கூடாது.