அவள் ஏன் கத்தவில்லை என்று கேட்டவர்கள்

அந்த ஆங்கிலத் தொலைக்காட்சி நாடகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது மகள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாரிசுக்கு வெளியே லா கூர்னெவில் இருக்கும் எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாகத்தான் இருப்போம். கணவர் தொலைபேசியில் ஊர்ச் செய்தி பார்ப்பார். நான் கழுவிய உடுப்பு மடிப்பேன். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அன்று அவள் கதவைச் சாத்தவில்லை.

"அம்மா, இதைப் பாருங்கோ. என்ரை வேலையிடத்திலை எல்லாரும் இதைப் பற்றித்தான் கதைக்கினம்" என்று சொல்லி, கணினியைத் தொலைக்காட்சியோடு பொருத்தினாள். கீழே பிரெஞ்சு எழுத்து ஓடியது. எனக்கு ஆங்கிலம் அரைகுறை, பிரெஞ்சு மெதுவாகத்தான் வாசிப்பேன். இரண்டையும் சேர்த்துக் கதையைப் பிடித்துக்கொண்டேன்.

இங்கிலாந்தின் வடக்கே எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு சிறிய ஊர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் நடுவயதுப் பெண் ஒருத்தி. அவள் சிறுமியாக இருந்தபோது நீச்சல் பழக்கியவர் அவளிடம் 'தவறாக நடந்துகொண்டார்' என்று நம்முடைய ஆட்கள் சொல்வார்கள். நாடகம் அப்படிச் சுற்றிவளைக்கவில்லை. வன்புணர்ச்சி என்ற சொல்லையே சொன்னது. கிழவராகிவிட்ட அந்த மனிதரின் பெயரை ஊர் மண்டபம் ஒன்றுக்கு வைக்கப் போகிறார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் அவள் வாயைத் திறக்கிறாள்.

வாரத்துக்கு ஒரு பாகமாகப் பார்த்தோம். மூன்றாவது பாகம் முழுக்க ஒரே அறை. பொலிஸ் நிலையத்தில் ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, இந்தப் பக்கம் இவள். நடந்ததை ஒரு காட்சியாகக்கூடக் காட்டவில்லை. அவளுடைய முகத்தை மட்டும்தான் காட்டினார்கள். அவள் அழாமல், தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதற்குத்தான் ஊரெல்லாம் சத்தம் போட்டது. பார்த்தவர்கள் இணையத்தில் எழுதியிருந்ததை மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டேன் என்று ஒருவர். வேலையால் களைத்து வருபவனுக்கு இதையா போடுவது என்று இன்னொருவர். நடிப்பு நல்லது, ஆனால் ஏன் இவ்வளவு இருட்டு என்று பலர். அவற்றுக்கு நடுவே, திரும்பத் திரும்ப, ஒரே கேள்வி: அவள் ஏன் கத்தவில்லை?

நான் மடித்த துவாயை மறுபடி விரித்து மறுபடி மடித்தேன்.

நானும் கத்தவில்லை. இலங்கையிலிருந்து பிரான்சுக்கு வரும் வழியில், காசு வாங்கிக் களவாக ஆட்களைக் கொண்டுவரும் ஏஜென்சிக்காரன் எங்களை அடைத்து வைத்திருந்த ஒரு வீட்டில் அது நடந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த நாடு. கடவுச்சீட்டுகள் எல்லாம் அவனுடைய ஆளின் கையில் இருந்தன. அடுத்த அறையில் எங்கள் சனமே படுத்திருந்தது, அதில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பமும் இருந்தது. நான் கத்தினால் மேல்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவார்கள், எங்கள் எல்லோரையும் ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் ஊருக்குத் திரும்புவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். பயத்தில் குரல் அடைத்துப்போனது என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கத்தாமல் இருந்தது நான் யோசித்து எடுத்த முடிவு.

இதைக் கல்யாணத்துக்கு முன்பே கணவரிடம் சொல்லியிருந்தேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அதை விடும். இனி நாங்கள் இதைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை" என்றார். நல்ல மனிதர் கிடைத்தார் என்று நினைத்தேன். நல்ல மனிதர்தான். ஆனால் கதைக்கத் தேவையில்லை என்பது போகப் போகக் கதைக்கக் கூடாது என்று மாறிவிட்டது. எப்போது மாறியது என்று இருவருக்குமே தெரியாது.

நான்காவது பாகத்தில் அந்தப் பெண்ணின் கணவனும் கிட்டத்தட்ட அதையே சொன்னான். என் கணவர் எழும்பினார். "என்ன நாடகம் இது, ஒரே அழுகை" என்று சொல்லிக்கொண்டு பால்கனிக்குப் போனார். திரையில் அப்போது ஒருவரும் அழுதுகொண்டிருக்கவில்லை.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய்க்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பார்லரில் நான் பல வருடங்களாக வேலை செய்கிறேன். நூலால் புருவம் எடுப்பது, மணப்பெண் அலங்காரம், தலைமயிருக்கு மருதாணி, எல்லாம் செய்வேன். முதலாளி என்னைவிட வயதில் குறைந்தவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த வாரம் ஒரு பின்னேரம், கல்யாணம் கொண்டாட்டம் என்றால் முதலில் எங்களிடம் வரும் ஒரு பெண்மணி என் கதிரையில் வந்து சாய்ந்தார். கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர், எல்லோரும் மதிப்பு வைத்திருக்கும் ஒருவர். நான் ஒரு புருவத்தை முடித்துவிட்டு மற்றதற்குப் புது நூல் எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த இங்கிலீஸ் நாடகம் பாத்தனீங்களே?" என்று முதலாளியைக் கேட்டார். "என்ரை மருமகள் அதைப் பாத்துப் பாத்து அழுகிறாள். நான் நிப்பாட்டிப்போட்டன். உந்த அசிங்கத்தை வீட்டுக்குள்ளை போடலாமே?"

"நானும் கொஞ்சம் பாத்தனான் அக்கா. தாங்கேலாது" என்றாள் முதலாளி.

"ஒருக்காக் கத்தியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். அவள் கத்தேல்லை. இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டு, அந்த மனுசன் கிழடான பிறகு சந்திக்கு இழுக்கிறாள். ஒரு விருப்பமும் இல்லாமலோ சும்மா இருந்தவள்?"

நான் நூலை வாயிலிருந்து எடுத்தேன்.

"அக்கா, நானும் கத்தேல்லை."

"என்ன பிள்ளை?"

"பயணம் வரேக்கை எனக்கும் உது நடந்தது. ஏஜென்சிக்காரன்ரை ஆள். பக்கத்து அறையிலை சனம் இருந்தது. நான் கத்தேல்லை."

தலை உலர்த்தும் இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். முதலாளி அவசரமாகப் போய்ப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

"பாட்டைக் குறையும் தங்கச்சி" என்றேன். "அக்கா ஒரு கேள்வி கேட்டவ. நான் மறுமொழி சொல்லுறன்."

பாட்டு நின்றது. ஒரு புருவம்தான் முடிந்திருந்தது, அந்தப் பெண்மணியால் எழும்பிப் போகவும் முடியாது. நான் சுருக்கமாகச் சொன்னேன். அந்த வீடு, அந்தப் பனி, கடவுச்சீட்டு, கைக்குழந்தை. கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. அவருக்குக் கண் கலங்கியது. என் கையைப் பிடிக்கப் பார்த்தார்.

"ஐயோ, பாவம் பிள்ளை நீ."

"பாவம் எண்டு சொல்லாதேங்கோ அக்கா. நான் பாவமில்லை. உந்தக் கேள்வியை மட்டும் இனி ஒருத்தரிட்டையும் கேளாதேங்கோ. கண்ணை மூடுங்கோ, மற்றதையும் எடுத்துவிடுறன்."

எடுத்துவிட்டேன். அவர் போன பிறகு முதலாளி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, எனக்கு விளங்குது. ஆனா கஸ்டமருக்கு முன்னாலை உப்பிடிக் கதைச்சா ஆக்கள் வரமாட்டினம்."

"அவ கதைக்கேக்கை நீர் ஒண்டும் சொல்லேல்லையே. அவ கதைக்கலாம் எண்டா நானும் கதைக்கலாம். ஆக்கள் வராட்டி சொல்லும், நான் வேறை இடம் பாக்கிறன்."

அடுத்த நாளும் நான் வழக்கம்போல் வேலைக்குப் போனேன், அவளும் வழக்கம்போல் தேநீர் போட்டுத் தந்தாள். அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு வரவில்லை, இப்போது வேறொரு பார்லருக்குப் போகிறார் என்று கேள்வி. சிலர் என் கதிரை காலியாக இருந்தாலும் முதலாளியின் கதிரைக்குக் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டேன்.

ஆனால் அந்தப் பின்னேரமே செய்தி கடை கடையாகப் போய்விட்டது. நான் ரயிலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கணவர் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மரக்கறிக் கடையிலை ஒருத்தர் என்னைத் தனியக் கூப்பிட்டு, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கோ அண்ணை எண்டுறார். எனக்கு என்ன நடந்தது எண்டு அவர் என்னைத் தேற்றுறார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுதானே. உங்களுக்கு என்ன நடந்தது?"

"பகிடி விடாதையும். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"என்னத்தைக் கேக்கிறது? நடந்தது எனக்கு. கதைக்கிறதும் நான்தான். இவ்வளவு காலமும் உங்களுக்காகத்தான் கதைக்காமல் இருந்தனான். இனி ஏலாது."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். மகள் அங்கே நின்றாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் இருத்தி, பார்லரில் சொன்னதை அவளுக்கும் சொன்னேன். அவள் நான் முடிக்கும் வரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு பிரெஞ்சில் சொன்னாள்: என்னவென்று தெரியாது அம்மா, ஆனால் ஏதோ இருக்கிறதென்று சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"அதுக்குத்தான் அந்த நாடகத்தைக் கொண்டுவந்தனியோ?"

"இல்லை. நல்லாயிருந்தது. அதுதான்" என்றாள் தமிழில். பிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். சின்னப்பிள்ளையாக இருந்தபோது செய்ததற்குப் பிறகு அன்றுதான்.

கணவர் அந்த வாரம் முழுக்க அதிகம் பேசவில்லை. நானும் அவரைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. சோற்றைப் போட்டு வைத்தேன், சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாகம். மகள் போடும்போது அவரும் வந்து சோபாவில் இருந்தார். நாடகத்தில் வழக்கு நிற்கவில்லை. சாட்சி போதாது என்று மூடிவிட்டார்கள். மண்டபத்துக்கு அந்த மனிதரின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெண் மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று பிள்ளைகளின் தட்டில் உருளைக்கிழங்கு போடுகிறாள். முடிந்துவிட்டது.

மகளுக்குக் கோபம். இதைப் பார்த்தவர்களுக்கும் கோபம்தான், இவ்வளவு வாரம் பார்த்ததற்கு இதுவா முடிவு என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். அந்த மனிதரைச் சிறையில் போட்டிருந்தால் அவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்கள். எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள், நம்பாதவர்கள் நடுவிலேயே நிமிர்ந்து நின்று வேலை செய்கிறாள். எனக்குத் தெரிந்த வாழ்க்கை அப்படித்தான் இருக்கிறது.

கணவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த வீட்டிலை..." என்று தொடங்கி நிறுத்தினார். "அந்த வீட்டிலை உங்களுக்கெல்லாம் ஆர் சமைச்சது?"

இத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் சோற்றிலிருந்து தொடங்கியிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"நாங்கள்தான். முறை வைச்சுச் சமைச்சனாங்கள். பருப்பும் சோறும், வேறை ஒண்டும் இல்லை."

"எத்தினை பேர் இருந்தனீங்கள்?"

சொன்னேன். அந்தக் குழந்தையின் தாய் இப்போது கனடாவில் இருக்கிறாள் என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் கேட்காததையும் சொன்னேன். ஒரு இடத்தில் போதும் என்பதுபோல் கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. அவர் கையைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கூடுதலாகக் கேட்டது. மகள் எழும்பி யன்னலைச் சாத்திவிட்டு, திரும்பி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள்.