அம்மாவுக்கு வந்த கோடிச் சேலை

"...நான் வாங்குனதுன்னு யாருக்கும் தெரிய வேணாம். உங்க மாமா கையில குடுத்துருங்க, மாப்ள."

கோச்சடையில் எங்கள் எதிர்வீட்டு வாத்தியார், பின்வாசலில் நின்று ஒரு புதுச் சேலையை நீட்டினார். அதுவரை அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டதில்லை.

உள்ளே அம்மாவைக் கிடத்தியிருந்தோம். பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் எங்கள் பக்கம் பெண்ணைத் தூக்கமாட்டார்கள். பேரையூரிலிருந்து பதறி ஓடிவந்த மாமாவோ வெறுங்கையோடு நின்றார்.

மனைவியை இழந்த வாத்தியாரை அம்மா "தம்பி" என்பாள். தினமும் சோறு கொண்டுபோவாள்.

"ஊரு பேசுதும்மா" என்று தடுத்தேன்.

அம்மாவுக்குச் சொலவடை இல்லாமல் பேச்சு வராது. "ஊரு வாய மூட முடியாதுய்யா. நான் உலையப் பாக்குறேன்."

அவளிடம் தோற்ற நான், அவளுக்குத் தெரியாமல் அவரிடம் போய், "எங்க வீட்டுச் சோத்த இனி தொடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அதன்பின் அவர் தொடவில்லை. ஏன் என்றும் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் விடவில்லை. தூக்குவாளியை அவர் வாசலில் வைப்பாள். சாயங்காலம் அப்படியே எடுத்துவந்து தானே சாப்பிடுவாள். அன்று காலையும் வைத்துவிட்டு வந்துதான் சாய்ந்தாள். நான் செய்தது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

சேலையை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க மாமா" என்றேன்.

அவர் வரவில்லை. தெருவைக் கடந்து தன் வாசலுக்குப் போய், அந்தத் தூக்குவாளியைத் திறந்து, ஊர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டார்.