எத்தனை இலை போட வேண்டும்?

காப்பி வருவதற்கு முன்பே நஞ்சுண்டன் மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர்களையெல்லாம் தன் பக்கம் இழுத்து வரிசையாக வைத்துக்கொள்வான். என் டம்ளரும் அதில் போய்விடும். ஐந்து டம்ளர், ரயில் வண்டிப் பலகையில் ஐந்து பேர். "இவரு வக்கீலுங்க. இவருக்கு எடது பக்கம் டாக்டரு உக்கார மாட்டாரு. வாத்தியாருக்கு ரெண்டு பக்கமும் ஆளு வேணும். சன்னலோரம் ஆருங்ணா?" என்று என்னைக் கேட்பான். நான் வாயைத் திறப்பதற்குள் தானே டம்ளர்களை மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்துவிடுவான். மெஸ் நடத்தும் வெங்கடம்மாள் காப்பிப் பாத்திரத்தோடு அவன் தலைக்குமேல் நின்றுகொண்டிருப்பாள்.

"ஏந் தம்பி, உங்க வக்கீலு ஒரு எடத்துல உக்காந்தாருன்னா காப்பிய ஊத்திப்போட்டு நான் போவனுங்க. அங்க சாம்பாரு கொதிக்குது."

"ஒரே நிமிசங்க அக்கா. டாக்டர எங்க வெக்கறதுன்னுதான் தெரீல."

"அடுப்புல வெய்யுங்க" என்பாள் வெங்கடம்மாள்.

காரமடைக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை நஞ்சுண்டன். எஸ்.எஸ்.எல்.ஸி. தேறியவன். பைக்காரா மின்சாரம் வந்தபின் கோயமுத்தூரைச் சுற்றி முளைத்த மில்களில் ஒன்றில், டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கிறான். ஒப்பணக்காரத் தெருவில் வெங்கடம்மாளின் மெஸ்ஸுக்கு மேலே உள்ள அறையில் அவனும் நானும் குடியிருக்கிறோம். எனக்கு அச்சாபீஸில் புரூப் திருத்துகிற வேலை. பகலெல்லாம் பிறர் பிழையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் மனிதனுக்குக் கொஞ்சம் அமைதி வேண்டும். அது நஞ்சுண்டன் இருக்கும் அறையில் கிடைக்காது.

சர்க்கார் குமாஸ்தா உத்தியோகத்துக்கு வருஷா வருஷம் ஒரு போட்டிப் பரீட்சை நடக்கிறது. கணக்கு, இங்கிலீஷ், சரித்திரம் எல்லாம் உண்டு. அவற்றோடு நான்கைந்து யுக்திக் கேள்விகளும் வரும். யார் பக்கத்தில் யார், யாருக்கு யார் என்ன உறவு, கறுப்புக் குடைக்காரர் எந்த ஊர் போனார் என்கிற ரகம். மற்றவர்கள் இவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். நஞ்சுண்டன் இவற்றைத்தான் முதலில் எடுப்பான், எடுத்தால் விடமாட்டான். இரண்டு வருஷம் இப்படியே, பாதித் தாள் எழுதுவதற்குள் மணியடித்துவிட, தோற்றுப்போனான். சரித்திரக் கேள்வியில் அசோகரைத் தொடக்கூட அவனுக்கு நேரம் இருக்கவில்லை.

அவன் சட்டைப் பையில் எப்போதும் புளியங்கொட்டை இருக்கும். முழுக்கறுப்பாக இருப்பவை ஆண்கள். ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கியவை பெண்கள். ஒரு கறுப்பையும் ஒரு வெளுப்பையும் ஒட்டி வைத்தால் கல்யாணம். கீழே வைப்பவை பிள்ளைகள். என் கட்டில், ஜன்னல் திண்டு, நான் திருத்திக்கொண்டிருக்கும் தாள் எல்லாவற்றின்மேலும் இந்தக் குடும்பங்கள் பெருகிக் கிடக்கும். பரீட்சைப் புத்தகத்தில் 'அ', 'ஆ' என்று போட்டிருந்தால் அவனுக்கு மனம் ஒப்பாது. 'அ' என்பது தன் அப்பன், 'ஆ' என்பது அத்தை என்று ஆள் வைத்துக்கொண்டால்தான் அவனுக்குக் கணக்கு ஓடும். ஒருமுறை ஊருக்குப் போய்வந்தபோது புதிய கொட்டைகள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். வெளுப்புகள் எல்லாம் ஒரே சீராகத் தேய்த்திருந்தன. இவ்வளவு பொறுமை உனக்கேதடா என்று கேட்டேன். "மாமன் மக தேச்சுக் குடுத்ததுங்ணா" என்று சொல்லிவிட்டு, கேட்காத இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்வதுபோல், "பேரு செல்லாத்தாளுங்க" என்றான்.

உட்கார்ந்து யோசிக்க அவனுக்குத் தெரியாது. மணிக்கூண்டிலிருந்து ரயிலடி வரை நடப்பான், திரும்புவான், மறுபடி நடப்பான். வழியில் அகப்பட்டவரை நிறுத்திக் கேள்வி கேட்பான். ஜட்கா ஓட்டும் ஷேக் பரீத் இவனைத் தொலைவில் கண்டதுமே கூவிவிடுவார்: "தம்பி, இன்னைக்கு வேணாம்! குதிரைக்குத் தலைவலி!"

மில்லிலும் இதே புத்திதான். அங்கே வேலைக்கு வருகிறவர்கள் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும். எந்த டோக்கன் பகல் பாளியில் வருகிறது, எது ராத்திரிப் பாளியில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவன், அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒருநாளும் ஒரே பாளியில் வருவதில்லை என்று கண்டான். ஒருவன் வெளியே போன பிறகுதான் இன்னொருவன் வருகிறான். "ரெண்டு பேருக்கும் ஒரே சட்டைங்ணா" என்று அன்று வந்து என்னிடம் சொன்னான். சந்தேகப்பட்டு நானே ஒருநாள் மில் வாசலில் நின்று பார்த்தேன். சத்தியமாக ஒரே சட்டைதான், முழங்கையில் அதே ஒட்டு. இதை மில்லில் யாரிடமும் சொல்லாதே என்றேன். "சொல்லுவனுங்களா?" என்று கோபித்துக்கொண்டான். மறுவாரம் அவனுடைய கோடுபோட்ட சட்டை கொடியில் இல்லை. அந்தப் பையனை எனக்குப் பிடித்துப்போனது அன்றுதான்.

இந்த ஆவணி மாதம் நடந்ததுதான் அவனுக்குக் கடைசிப் பரீட்சை. அடுத்த வருஷம் வயது கடந்துவிடும். தோற்றால் உத்தியோகம் மட்டும் போவதாயிருந்தால் அவன் இத்தனை நடை நடந்திருக்கமாட்டான். அவன் தாயாரின் அண்ணன் காளிச்சாமிக் கவுண்டர், "சர்க்கார் உத்தியோகம்னு ஒரு காயிதம் கொண்டாந்து காட்டு, செல்லாத்தாள உனக்குத் தாரேன்" என்று முன்பே சொல்லியிருந்தார். மில் வேலை அவருக்கு வேலையாகப் படவில்லை. சங்கு ஊதினால் ஓடுகிறவனெல்லாம் மாப்பிள்ளையா என்பது அவர் கட்சி.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நடுத்தெருவில் என்னை நிறுத்திக் கேள்வியைச் சொன்னான். ஒருவர் விருந்துக்குத் தன் தாயின் சகோதரரையும், தன் தந்தையின் மைத்துனரையும், தன் மனைவியின் தந்தையையும் அழைத்தார். மூவகை உறவினரும் வந்தார்கள். ஆள் கணக்கில் குறைந்தபட்சம் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

"கைடு புஸ்தகத்துல இதே மாதிரி ஒண்ணு இருக்குதுங்ணா. அதுல ரெண்டுன்னு போட்டிருக்குது. அம்மாவோட அண்ணனும் அப்பனோட மச்சானும் ஒரே ஆளு. மாமனாரு வேற ஆளு. நானும் ரெண்டுன்னுதானுங்க மொதல்ல எழுதுனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கொட்டைய எடுத்து வெச்சுப் பாத்தனுங்க. எங்கம்மாவுக்கு அண்ணன் காளிச்சாமி மாமா. எங்கய்யனுக்கு மச்சான் அவருதான். செல்லாத்தாளக் கட்டுனா மாமனாரும் அவருதான். வர்றது ஒரு ஆளுன்னா எத்தன எல போடறதுங்ணா? ஒரு எலதானுங்களே! ரெண்ட அடிச்சுப்போட்டு ஒண்ணுன்னு எழுதிப்போட்டனுங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பரீட்சைத் தாளில் தன் கல்யாணத்தை நடத்த இவன் யார்? விடைப் பட்டியலைச் சீமைப் புத்தகம் பார்த்துத் தயாரித்திருந்தால் என்ன செய்வாய் என்று கத்தினேன். அவன் ரயிலடிப் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவனோடு நான் பட்ட பாட்டை எழுதி முடியாது. தினமும் காலையில் சென்னைப் பத்திரிகை வரும் ரயிலுக்குப் போய் நிற்பான். முடிவு வந்திராது. திரும்பும் வழியில் கண்டவரிடமெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பான். நாவிதர், மிட்டாய்க் கடைக்காரர், வெங்கடம்மாள் எல்லாரும் யோசிக்காமலே ஒன்று என்றார்கள். அன்றெல்லாம் வயிறாரச் சாப்பிடுவான். ஒருநாள் மில் என்ஜினியர் துரையிடம் போய்க் கேட்டுவிட்டான். துரை பென்சிலை எடுத்து, படம் போட்டு, இரண்டு என்றார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. விடிந்ததும் துரைக்கு முறைப்பெண் சமாசாரத்தை விளக்கப் போகிறேன் என்று கிளம்பினான். நானும் வெங்கடம்மாளும் படிக்கட்டிலேயே மறித்து உட்காரவைத்தோம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காளிச்சாமிக் கவுண்டர் வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். தலையில் உருமால், அக்குளில் குடை. நஞ்சுண்டன் டிரங்குப் பெட்டிமேல் துண்டை விரித்து அவரை உட்காரவைத்தான். வழக்கமாக வாய் நிறைய "மாப்ளே" என்று அழைக்கிறவர், அன்று "சௌக்கியமா கண்ணு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நஞ்சுண்டன் அதைக் கவனிக்கவேயில்லை. ஆள் கிடைத்துவிட்டதே என்று நின்ற நிலையிலேயே கேள்வியைச் சொல்லிவிட்டான்.

"இதென்ன பெரிய கேள்வி? ஒரே ஆளு. அது நாந்தானே!" என்று கவுண்டர் கடகடவென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"பாத்தீங்களாண்ணா! எங்க மாமா ஒரே மூச்சுல சொல்லிப்போட்டாரு!" என்று நஞ்சுண்டன் என்னைப் பார்த்துக் கும்மாளம் போட்டான்.

கவுண்டர் மடியை அவிழ்த்தார். உள்ளே வெற்றிலையும் பாக்கும் இருந்தன. முறைப்பெண்ணை வெளியே கொடுப்பதென்றால் முறைமாப்பிள்ளையைத் தேடி வந்து வெற்றிலை பாக்குக் கொடுத்து உத்தரவு கேட்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவன் வாங்கிக்கொண்டால் உரிமையை விட்டுவிட்டான் என்று அர்த்தம். வாங்காமல் பெண்ணைத் தாரைவார்க்க முடியாது. இது நஞ்சுண்டனே எனக்குச் சொன்னதுதான். அவன் குதிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"பெருந்துறைப் பக்கம் நல்ல எடமா வந்துது கண்ணு. பெரிய தோட்டம், கெணத்துல ஆயில் எஞ்சின் போட்டிருக்கறாங்க. நானும் எத்தன நாளைக்குப் பொறுக்கறது? வாக்குக் குடுத்துப்போட்டேன்" என்றார் கவுண்டர். வெற்றிலையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"ஒண்ணுன்னா எழுதிப்போட்டே?"

"ஆமாங்க மாமா."

"அது இனிமேட்டுத் தப்பாப் போயிருமே கண்ணு. மாமனாரு வேற ஆளாயிருவாரே. மேலெடத்துக்கு ஒரு காயிதம் போட்டு ரெண்டுன்னு மாத்திப்போட முடியாதா? என்னால உன்ற உத்தியோகமும் போயிரக் கூடாது பாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டு புரூப் தாளைப் பார்த்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"செல்லாத்தா என்னங்க மாமா சொல்லுது?" என்று நஞ்சுண்டன் கேட்டான்.

"அது என்னத்தச் சொல்லுது! நாலு நாளா வாயே தொறக்கறதில்ல. சோறும் எறங்கறதில்ல. மாட்டுக் கட்டுத்தரையிலயே போயி உக்காந்துக்குது."

நஞ்சுண்டன் அவர் முன்னால் மண்டியிட்டு, நீட்டிய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தான். "மாத்த முடியாதுங்க மாமா" என்று சொல்லி, வெற்றிலை பாக்கை அப்படியே உள்ளே வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான்.