அருள் பின் பண்ணாத மைனஸ்

புதன்கிழமை மத்தியானம் நம்ம ரிலேட்டிவிட்டி படிக்கற வாட்ஸப் குரூப்ல அருள் நம்பர்லேந்து மெசேஜ். மூணு வாரமா இதுக்குத்தானே காத்துட்டிருந்தேன், "பின் பண்ணிட்டான்டா!"ன்னு தொறந்தேன். "அண்ணா காலைல தவறிட்டாரு. மஞ்சக்காமாலை"ன்னு அவன் தம்பி போட்டிருந்தான்.

அருளுக்கு என் வயசுதான். நோணாங்குப்பம் படகுத்துறையில லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடற வேலை, லீவு நாள்ல யூடியூப்ல ரிலேட்டிவிட்டி பாட வீடியோ. கரண்ட் ஜெனரேட்டர் இல்ல, சுழற்சிக் கணக்குல வர்ற ஜெனரேட்டர்னா என்னன்னு எத்தனையோ சேனல் பாத்தும் எனக்குப் புரியல. அவன் சொன்னான்: "எஞ்சின் கைப்பிடிய ஒரு முடி அளவு திருப்பு. அதையே திரும்பத் திரும்பப் பண்ணா படகே திரும்பிடும். அந்த முடி அளவுதான் ஜெனரேட்டர்." வீட்ல கத்திட்டேன், அவ்ளோ சந்தோஷம்!

அவன் வச்ச சட்டம் உங்களுக்கே தெரியும். வீடியோல தப்பு இருந்தா, திருத்தத்த, கண்டுபிடிச்சவங்க பேரோட, கமெண்ட்ல எல்லாத்துக்கும் மேல பின் பண்ணணும்.

பூஸ்ட், அதான் வேகத்த மாத்தற கணக்கு, அந்த வீடியோல நான் ஒரு தப்பு புடிச்சேன். கிழக்கால கொஞ்சம் வேகம், வடக்கால கொஞ்சம் வேகம். வரிசைய மாத்திப் போட்டா மிச்சமா ஒரு சுழற்சி நிக்கும். அதுக்கு முன்னாடி மைனஸ் வரணும். அவன் பிளஸ் போட்டிருந்தான். பிளஸ்னா காலமும் சும்மா இன்னொரு திசை, ஒரு சுத்து சுத்தி நேத்திக்கே போயிடலாம்! லைவ்ல கேட்டேன். "மேடம், கணக்கப் பேப்பர்ல போட்டுப் பாத்தீங்களா, நேரா கமெண்ட்லயே போட்டீங்களா?"ன்னான். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க.

மறுநாளே உப்பளத்துல எங்க வீட்லேந்து வண்டிய எடுத்துட்டு நேரா படகுத்துறைக்குப் போனேன். ஜாக்கெட் குவியல் மேல உக்காந்து, மேட்ரிக்ஸ் ரெண்டையும் அவனே பெருக்குனான். மைனஸ்.

"கவி, நீதான் கரெக்ட்டு. ஞாயித்துக்கிழம பின் பண்றேன், போதுமா?"

"லைவ்லயும் சொல்லு."

"சொல்றேன் தாயே, போ!"

ஞாயித்துக்கிழம புது வீடியோ வந்துச்சு. "போன தடவ பாத்த மாதிரி இங்க மைனஸ்"ன்னு கூசாம சொல்லிட்டுப் போயிட்டான். என் பேரு இல்ல. கேட்டு மெசேஜ் போட்டேன், பதில் இல்ல. உடம்பு முடியாமதானான்னு இப்பத் தோணுது. ஆனா வீடியோ போட முடிஞ்சுதே.

இப்ப எல்லாரும் "தப்ப மறைக்காதவன்"னு எழுதறீங்க. அழுங்க, நானும் அழறேன். அந்த ஒரு வரிய மட்டும் எழுதாதீங்க.

யாரு சொன்னாலும் கையால பெருக்கிப் பாக்கற பழக்கம் அவன்கிட்டேந்து வந்தது, அத வச்சுக்கறேன். இந்தக் கோவத்தையும்தான்.

நேத்து அவன் தம்பி சேனல் பாஸ்வேர்டைக் குடுத்தான். புதுசா படிக்கறவங்க ஏமாறக் கூடாதுன்னு, அந்த பூஸ்ட் வீடியோல "இங்க மைனஸ் வரணும்"னு பின் பண்ணேன். என் பேரு போடல. அத அவன்தான் போட்டிருக்கணும்.