ஈயத்தாள்

"ஃபியூஸ் கைவசம் இல்லீங்கம்மா. போன ஃபியூஸ் மேலயே ஈயத்தாளு சுத்தி வுட்றேன், லைட்டு எரியும்," என்றான் மெக்கானிக். காருக்குள் ஒயர் கருகிய வாடை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறுபதுகளில், ஆலங்காயத்துப் புளி வியாபாரியிடம் வேன் ஓட்டிய அப்பாவின் சட்டையில் தினமும் இதே வாடைதான். "ஃபியூஸ் அடிக்கடி போவுதுங்க. ஒயரு மாத்தணும்," என்று கெஞ்சுவார். முதலாளி சிகரெட் பெட்டியிலிருந்து ஈயத்தாளைக் கிழித்து நீட்டுவார். "இத்த சுத்து. எரியுதில்ல? அப்புறம் இன்னா?"

ஜவ்வாது மலை வளைவில், சாயங்கால மூடுபனியில், ஃபியூஸ் போவதை ஈயத்தாள் தடுத்துவிட, ஒயரே எரிந்து இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. வேன் உருண்டது. அப்பாவின் ஒரு காலை எடுத்தார்கள். முதலாளி எங்கள் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "குடிச்சிட்டு ஓட்னான்."

காப்பிகூடக் குடிக்காத மனுஷன் அப்பா.

மெக்கானிக் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கசக்கினேன். "ஒயர் மொத்தமும் புதுசா போடு. ஃபியூஸ் வர்ற வரைக்கும் இங்கியே குந்தினு இருக்கேன்."